பூனைக்காலிக்குள் ஒரு வெல்டர்

கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் அரிவாளைப் போட்டுவிட்டு, கழுத்தைச் சொறிந்தபடியே ரோட்டைப் பார்த்து ஓடியபோது வெல்டர் வாசலில் உட்கார்ந்து தன் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடம் மக்காச்சோளம் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு வருடமும் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. மண் செத்துப்போச்சு என்று அவன் கைகழுவிவிட்டு, வெளியூர்ப் பட்டறைக்கே திரும்பி வருவதாகச் சொல்லியும் ஆகிவிட்டது. அவன் மனைவிதான் பிடிவாதக்காரி, வர மாட்டேன் என்றுவிட்டாள். பூனைக்காலிக் கொடி படர்ந்தால் களை மூச்சுமுட்டிச் சாகும், அறுத்து மடக்கி உழுதால் மண்ணுக்குத் தெம்பு வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை சரி. கடையில் அரிக்காத ரகம் என்று தனியாக விற்கிறது. அம்மணி, ஓசியில் கிடைக்கிறதே என்று ஓடைக்கரைப் புதரடியில் உதிர்ந்து கிடந்த விதைகளைப் பொறுக்கி வந்து விதைத்துவிட்டாள். விதை என்னவோ பளபளவென்று சாதுவாகத்தான் இருந்தது. பூ விட்டதும் அறுத்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். கொத்துக் கொத்தாகத் தொங்கிய ஊதாவில் மயங்கி, இன்னும் கொஞ்சம் இலை உதிரட்டும் என்று விட்டாள். இப்போது கொடி முழுக்க, அரிக்கும் மயிராய்ச் சுணை மூடிய காய்கள். காற்றடித்தால் வீட்டுக்குள்ளேயே அரிக்கிறது. காய் வெடித்து விதை கொட்டினால் நிலமே அதன் வசம் போய்விடும்.

அவள் எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அரிப்பா அழுகையா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"போகாதீங்கன்னு சொல்ல வரல. அந்தக் கையுறையையும் தோல் சட்டையையும் மட்டும் வச்சுட்டுப் போங்க."

"அது இல்லாம நான் எப்படி வெல்டிங் பண்றது?"

"அது இல்லாம நான் எப்படி அறுக்கறது?"

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். கையுறைக்குள் அவள் கை முழங்கைவரை காணாமல் போனது. அரிவாளைப் பிடித்தாள், நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"கழட்டு," என்றான்.

சுணை நனைந்தால் பறக்காது. அவள் மருந்தடிக்கும் டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி முன்னால் தெளித்துக்கொண்டே போக, வெல்டர் நெருப்புப் பொறிக்காகத் தைத்த சட்டைக்குள் வேர்த்து வடிந்தபடி பின்னால் அறுத்துக்கொண்டே போனான். அப்படியும் காலர் இடுக்கில் புகுந்துவிட்டது. ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "சொறியாதீங்க, பரவும்!" என்று அவள் ஓடிப்போய்ச் சாம்பல் அள்ளி வந்து தேய்த்தாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள் கழுத்தைத் தொட்டதில், இன்னும் கொஞ்சம் அரித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

ஓர் ஓரம் அறுத்து முடித்ததும் கொடியின் தூரைப் பிடித்து இழுத்தான். அத்தனை லேசாக வந்ததில் மல்லாந்து விழப் பார்த்தான். வேரெல்லாம் மண்ணுக்கு உரம் சேர்க்கும் சின்னச் சின்ன முண்டுகள். அடியில் ஒரு புல்கூட இல்லை. மட்கிய இலைக்குக் கீழே மண் கறுத்து, ஈரமாக இருந்தது.

"அடுத்த தடவ அரிக்காத விதையா வாங்கு."

தண்ணீர் தெளிப்பது நின்றது. "அடுத்த தடவயா?"

அவன் கையுறையை உருவிவிட்டு, வெறும் கையை மண்ணுக்குள் நுழைத்தான். மணிக்கட்டுவரை போயிற்று. அவள் டேங்கை இறக்கி வைத்துவிட்டு வந்து, பக்கத்திலேயே தன் கையையும் நுழைத்தாள்.