கீழ் வரிசை முட்டைகள்

அவன் இடுப்பில் பிடித்த பிடி ஆறு நாளாக விடவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனிய மனசு வரவில்லை. கோழிப்பண்ணையில் முட்டை ஓட்டின் தடிமனை அளக்கும் அவனுக்கு வேலையே குனிந்து நிமிர்வதுதான். கூண்டுக்கு ஒரு முட்டை எடுத்து, மேலே பென்சிலால் கூண்டு எண்ணைக் குறித்து, உடைத்து, ஓட்டைக் கழுவி உலர்த்தி, தடிமனைக் கருவியில் பார்த்து நோட்டில் ஏற்ற வேண்டும். முப்பதுக்கு மேல் காட்டினால் கெட்டி ஓடு. எந்தச் சேவலின் வாரிசை வைப்பது, எதைக் கழிப்பது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழிகளின் கொட்டகை அது. மேல் வரிசையில் ஒரு சேவலுக்குப் பிறந்த பெட்டைகள், கீழ் வரிசையில் இன்னொன்றுக்குப் பிறந்தவை. கீழே எடுக்க முழங்கால் மட்டத்துக்குக் குனிய வேண்டும். அவன் குனியவில்லை. மேலே முப்பத்தாறு வந்தால் கீழே முப்பத்தைந்து, முப்பத்தேழு என்று முன்னே பின்னே போட்டு எழுதினான். ஒரே தீனி, ஒரே தண்ணீர். ஓடு மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

மிச்ச முட்டைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்குவது அவன் அண்ணி. அண்ணன் செத்தபிறகு அவன்தான் கையில் காலில் விழுந்து சேர்த்துவிட்டிருந்தான். அவள் சேர்ந்த மூன்றே வாரத்தில் அவள் தட்டுகளில் விரிசல் பெருகியது.

“என்னம்மா, முட்டைய அடுக்குறியா, பந்து வெளயாடுறியா?” என்றார் மேற்பார்வையாளர்.

“பூ மாதிரிதான் சார் எடுக்குறேன். ஓடு காகிதமாட்டம் இருக்கு. கீழ் வரிசைதான் ஒடையுது. வேணும்னா தம்பியக் கேளுங்க, அளக்குறது அவன்தானே.”

அவர் நோட்டைப் புரட்டினார். “கீழ் வரிசை முப்பத்தாறு, முப்பத்தேழு. நல்ல கெட்டி ஓடு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஏம்பா, நீ எழுதுனதுதானே இது?”

“சொல்லு தம்பி,” என்றாள் அண்ணி.

“நான் எழுதுனதுதான் சார்.”

அந்தப் பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் கேவலம்.

அன்றைக்கே அவளை நிறுத்தினார்கள். கேட்டருகே அவள் திட்டவில்லை. “இடுப்புக்கு ஒத்தடம் குடு, சும்மா விட்டா ஆளச் சாச்சிரும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு நாலு வார்த்தை திட்டிக் கிழித்திருக்கலாம்.

அடுக்குவதற்கு வேறு ஆள் வந்தான். விரிசல் குறையவில்லை. இரண்டு மாதம் கழித்து, வலி விட்டு, அவன் கீழ் வரிசைக்குக் குனிந்தான். கருவி இருபத்தெட்டு காட்டியது. அடுத்த கூண்டு இருபத்தேழு. நாற்பது கூண்டில் முப்பதைத் தொட்டவை மூன்று. குறை அப்பன் சேவல் வழியாக இறங்கியிருந்தது.

புது எண்களைக் கொண்டுபோய்க் கொடுத்தான். “வெயில் ஏறுதில்ல, இந்த ரத்தத்துக்குத் தாங்கல போல,” என்று மேற்பார்வையாளரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அவன் தலையாட்டினான். அந்தச் சேவலையும் கீழ் வரிசைப் பெட்டைகளையும் கழித்தார்கள்.

அண்ணி இப்போது சலவை நிலையத்தில் ஈரத்துணி சுமக்கிறாள். போன வாரம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “பண்ணையில இன்னும் ஒடையுதா தம்பி?”

“இல்ல அண்ணி.”

“அப்போ என் கையிலதான் கோளாறு போல,” என்று கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான். அவள் கையில் தப்பில்லை, அளக்காமல் எழுதியவன் தான்தான் என்பதை அவளிடமும் சொல்லவில்லை, பண்ணையிலும் சொல்லவில்லை. அந்த ஒரு பேச்சு அவளுக்கு அவன் பட்ட கடன், இன்னும் அடைக்கவில்லை.