தடம் விழாத டாக்டர்

வடகோடிப் பனிப்பிரதேசத்து ஊரான ராசேயாவ்ரிக்கு வந்த மூன்றாம் குளிர்காலத்தில் டாக்டர் சிக்வார்ட் லுண்டேயின் கால்தடம் பனியில் விழுவது நின்றுபோயிற்று. அந்த வருடம்தான் பனிவண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் இரண்டு தடவை விலை ஏறியது; ஊரில் அதிகம் பேசப்பட்டது பெட்ரோலைப் பற்றித்தான். தடம் ஒரே நாளில் நின்றுவிடவும் இல்லை. முதல் குளிர்காலத்தில் அவர் பூட்ஸ் மற்றவர்களுடையதைப் போலவே கணுக்கால்வரை புதைந்தது. இரண்டாவதில் முயல் ஓடிய அளவுக்குப் பதிந்தது. மூன்றாவதில், சுகாதார நிலையத்திலிருந்து தேவாலயம்வரை அவர் நடந்துபோன பிறகும் பனி, இஸ்திரி போட்டு விரித்த மேசைவிரிப்பு மாதிரி கிடந்தது. சுகாதார நிலையத்து எடை இயந்திரம் மட்டும் எண்பத்திரண்டு கிலோ என்றே காட்டிக்கொண்டிருந்தது. அரசாங்க இயந்திரம் என்பதால் டாக்டர் அதை நம்பினார்.

காரணம் அவர் எழுதிய புத்தகம். ‘குளிர்நாட்டு மக்களுக்குப் பனிமான் இறைச்சியின் ஊட்டச்சத்து மதிப்பு’ என்ற அந்தச் சிறு நூலின் முதல் ஆறு பக்கங்கள் நன்றியுரை. அதை எழுதி முடிக்கும்வரை டாக்டர் உயிருள்ள பனிமானைப் பார்த்ததில்லை. பனிமான் கறியில் புரதம் ஏராளம், இரும்புச்சத்து ஏராளம், கொழுப்பு குறைவு என்று அதில் சொல்லியிருந்ததெல்லாம் சரிதான். பதினேழாம் பக்கத்தில்தான் சிக்கல். நல்லி எலும்பு, நாக்கு, ஈரல், ரத்தம், கொழுப்பு ஆகியவை போன காலத்துப் பழக்கங்கள் என்றும், நாகரிக மனிதன் முதுகுக்கறியை மட்டுமே உண்ண வேண்டும் என்றும் அந்தப் பக்கம் ஆணையிட்டது. தலைநகரின் ஊட்டச்சத்துக் குழு இதற்காக அவருக்கு ஒரு வெண்கலப் பதக்கம் கொடுத்தது. டாக்டர் கொள்கைப் பிடிப்புள்ள மனிதர். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் முதுகுக்கறியே தின்றார். ஊர்க்காரர்களோ முதுகுக்கறியைத் தெற்கத்தி ஓட்டல்காரர்களுக்கு விற்றுவிட்டு, எலும்போடு கூடியதைப் பானையில் போட்டு மிதக்கும் கொழுப்போடு குடித்துவந்தார்கள்.

டாக்டருக்கு என்ன நடக்கிறது என்று முதலில் சொன்னவள் ரிஸ்டென். சொந்தமாகப் பனிமான் மந்தை வைத்திருந்தவள், முழங்கால் வலிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். தம்பி ஆஸ்லாட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“இந்தக் குளிர்ல வெறும் கறியா தின்னா என்னடா ஆகும்? அடுப்புல காஞ்ச புல்லைப் போட்ட மாதிரிதான். குப்புனு எரியும், சாம்பல்கூட மிஞ்சாது. மனுஷன் தரையில நிக்க ஏதாச்சும் வேணாமா?”

“அது சரி. ஒரு புயல்ல மாட்டிக்கிட்டா அவரை எதை வெச்சுத் தேடுறது, அக்கா?” என்றான் ஆஸ்லாட். கேலியாகத்தான் கேட்டான்.

ராசேயாவ்ரியில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதை முகத்தைப் பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் கிடையாது. வாசல் பனியைப் பார்த்துத்தான். தடம் இல்லையென்றால் ஆள் வரவில்லை. முழங்காலைப் பார்க்க வந்து அடுக்களையில் உட்கார்ந்திருந்த டாக்டர் சொன்னதையெல்லாம் ரிஸ்டென் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கதவைத் திறந்து வாசலைப் பார்த்தாள். திரும்பி வந்தவள் காப்பிப் பானையை அடுப்பில் வைக்கவில்லை. காப்பி விருந்தாளிக்கு உரியது.

“நான்தான் வந்திருக்கேனே, ரிஸ்டென்!”

“குரல் கேக்குது, டாக்டர். தடத்தைக் காணோமே.”

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு நல்லி எலும்பை மேசையில் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். “எடுத்துக்கோங்க. இங்க யாரும் இல்லை, நீங்க உட்பட.” டாக்டர் பதினேழாம் பக்கத்தை நினைவூட்டிவிட்டு எழுந்து போனார்.

மற்றவர்களும் அவ்வாறே நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். மருந்துச் சீட்டைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டால், யாருமில்லை என்று பதில் வந்தது. தலைநகரிலிருந்து ஊட்டச்சத்துக் குழுத் தலைவர் விமானத்தில் வந்து இறங்கி, ஊர் மண்டபத்தில் டாக்டரின் சொற்பொழிவுக்குத் தலைமை தாங்கினார். மண்டபம் நிரம்பியிருந்தது. டாக்டர் அரைமணி நேரம் பேசிய பிறகு, பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் டாக்டர் எப்போது வருவார் என்று விசாரித்தார். மக்கள் டாக்டரை ஆவலுடன் எதிர்பார்த்ததாகத் தலைவர் அறிக்கை எழுதினார். கூட்டம் கலைந்ததும் டாக்டர் மண்டபத்தின் பின்பக்கம் போய், கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் பனியில் குதித்தார். மறுபடி குதித்தார். குனிந்து பார்த்தார். ஒன்றும் விழவில்லை. ஆஸ்லாட் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். அக்காவிடம் மட்டும் சொன்னான்.

மார்ச்சில், மந்தை மேய்ப்பவர்களின் கூடாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. டாக்டர் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். பையில் மருந்து கொஞ்சம், இலவசமாக விநியோகிக்கப் புத்தகங்கள் நிறைய. நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. காய்ச்சல்காரர் எலும்புச் சாறு குடித்துத் தானாகத் தேறிவிட்டார்; டாக்டர் போய்ச் சேரவில்லை. புயல் ஓய்ந்ததும் ஊரே தேடப் புறப்பட்டது. புதுப் பனியில் நரி போனது தெரிந்தது, கௌதாரி இறங்கி ஏறியது தெரிந்தது, டாக்டர் மட்டும் எங்கும் தெரியவில்லை. இத்தனை நாள் அவர் வரவில்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு இப்போது அவர் போனதும் தெரியவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏரிக்கு மேற்கே ஆஸ்லாட் பனிவண்டியை நிறுத்திக் கத்தினான்.

“அக்கா, இங்க வந்து பாரு! ஒரு பை தனியா நடந்து போயிருக்கு!”

பனியில் ஒரு பள்ளமான கோடு. பக்கத்தில் காலடி இல்லை, கட்டைத் தடம் இல்லை. டாக்டர்தான், தூக்க முடியாமல் பையை வாரைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார். அவரைவிடப் புத்தகங்களுக்கு எடை அதிகம். அந்த நூலால் வட்டாரத்துக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான். கோடு ஒரு பூர்ச்ச மரத்தடியில் முடிந்தது. காற்று தூக்கிப்போகாமலிருக்கப் பையை மடியில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்தபடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம்.

ரிஸ்டென் அங்கேயே நெருப்பு மூட்டினாள். விறகு ஈரம், புத்தகங்கள் பையின் நடுவில் காய்ந்தே இருந்தன. இரண்டாவது நன்மை. பனிவண்டியில் கொண்டுவந்த பானையில் பனியை உருக்கி நல்லி எலும்புகளை வேகவைத்து, கத்தியின் முதுகால் ஒன்றை உடைத்து அவர் வாயருகே நீட்டினாள்.

“பதினேழாம் பக்கம்...” என்றார் டாக்டர்.

“அதுதான் எரியுது, டாக்டர். நல்லாவே எரியுது.”

முதல் எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். இரண்டாவதைக் கண் திறந்து. மூன்றாவதை உடைக்கக் கத்தியைக் கேட்டு வாங்கினார். பானை காலியான பிறகு எழுந்து நின்றார். காலடியில் நறுக்கென்று ஒரு சத்தம். காலைத் தூக்கிப் பார்த்தார், குழி. அந்தக் குழியிலேயே காலை மறுபடி வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஆஸ்லாட் குந்தி உட்கார்ந்து சாண் வைத்து அளந்தான்.

“பெரிய கால்தான். வெளியூர் பூட்ஸ். அக்கா, யாரோ வந்திருக்காங்க!”

ரிஸ்டென் காப்பிப் பானையை நெருப்பில் ஏற்றினாள்.

அடுத்த வாரம் முழுவதும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து டாக்டரிடம் கைகொடுத்து, பயணம் சௌகரியமாக இருந்ததா, ஊர் பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டார்கள். ரிஸ்டெனின் முழங்கால்கூடக் கொஞ்சம் மடங்கியது.

மறு வருடக் குளிர்காலத்தில் குழுத் தலைவர் திரும்ப வந்தார். டாக்டர் அவரை ரிஸ்டென் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தலைவர் நான்கு வருடத் தன்னலமற்ற சேவையைப் பற்றி நின்றபடியே பேசினார். டாக்டர் நல்லி எலும்பிலிருந்து வாயை எடுத்தார்.

“நாலு வருஷமா? இல்லீங்க, நான் போன மார்ச்லதான் வந்தேன்.”

“அப்போ அதுக்கு முன்னாடி எனக்குக் கடிதம் எழுதினது யாரு?”

“தெரியலையே. தடம் எதுவும் இல்லை.”

தலைவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, தாமும் இரண்டு வருடமாக முதுகுக்கறியைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். ரிஸ்டென் எழுந்துபோய் வாசலைப் பார்த்தாள். டாக்டரின் ஆழமான தடத்துக்குப் பக்கத்தில், முயல் ஓடிய அளவுக்கு ஒன்று பதிந்திருந்தது. திரும்பி வந்து, தலைவருக்கு அரைக் கோப்பை காப்பி ஊற்றினாள்.