ஆறு புள்ளி எட்டு

காலை ஏழு மணியிலிருந்து மதியம் பன்னிரண்டரை வரைக்கும் பிரேமலா தன் இடது மணிக்கட்டை எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்டால் அந்த முருகனுக்கே தெரியாது. பார்த்தபோதெல்லாம் கடிகாரத்தில் ஆறு புள்ளி எட்டு என்று இருந்தது. பார்த்தபோதெல்லாம் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பாவி மனுஷி, நாற்பத்துச் சொச்சம் நாளில் அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாக வேலை செய்தாள்.

அந்த எண் அவள் புருஷன் சதாசிவத்தின் இரத்தத்தில் இருக்கும் சீனியின் அளவு. அவர் பாலோவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, மூன்று வருஷமாக இனிப்பு நீர் வியாதி, ஒரு வருஷமாகக் காலையிலும் ராத்திரியிலும் ஊசி. அப்படிப்பட்ட மனுஷன் இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கவின் போன வருஷம் மோட்டார் சைக்கிளோடு லோரிக்கு அடியில் போய், கால் முறிவோடு தப்பித்தான். அதற்கான வேண்டுதல். நாற்பத்தெட்டு நாள் விரதம், பகலில் பாலும் பழமும், பொழுது சாய்ந்த பிறகு ஒரே ஒரு வேளைச் சோறு.

கிளினிக்கில் டாக்டர் கூடாது என்றார். சதாசிவம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்து மறுநாளே மாலை போட்டுக்கொண்டார். வேண்டுதலை வேண்டாம் என்று சொல்லப் பிரேமலாவுக்கு நா எழவில்லை, சரி என்று சொல்ல மனசும் வரவில்லை. மூன்று நாள் வீட்டில் சண்டை. கடைசியில் கவின்தான் ஒரு வழி சொன்னான். அப்பா கையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டினான். அது சீனியை அளந்து அப்பா போனுக்கு அனுப்பும் (அதைத் திறந்து பார்க்க அப்பாவுக்குத் தெரியாது, அது சத்தமும் போடாது), அங்கிருந்து அம்மா போனுக்கு வரும், அம்மா போனிலிருந்து அம்மா கடிகாரத்துக்கு வரும். நாலுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து, கடிகாரம் கையில் அதிரும். கடிகாரம் கவின் புதிதாக வாங்கித் தந்தது. போன் அவன் ஆறு வருஷம் வைத்திருந்து, மூலை விரிசல் விட்டபிறகு அம்மாவுக்குக் கொடுத்தது.

அப்போது சதாசிவம் ஒரு நிபந்தனை போட்டார்.

"கோயில்ல படுத்திருக்கப் போறேன். மணிக்கொரு தரம் பொண்டாட்டி போன் அடிச்சா நாலு பேரு சிரிப்பாங்க. கடிகாரம் அடிச்சா மட்டும் கூப்பிடு. நீ கூப்பிட்டா, விரதம் முறிஞ்சாலும் சரி, அந்த நிமிஷமே எதையாவது வாயில போட்டுக்கிறேன். கூப்பிடலன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்துச் சொச்சம் நாளில் ஐந்து தடவை கடிகாரம் அதிர்ந்தது. ஐந்து தடவையும் அவள் கூப்பிட்டாள், அவர் முணுமுணுத்துக்கொண்டே சீனித் தண்ணீர் குடித்தார். ஒரு தடவை பூசை நடுவில் எழுந்து போய்க் குடித்தாராம். கோயில் செயலாளர் அய்யாவு அண்ணன், உங்க வீட்டுக்காரிதான் உங்க டாக்டரு என்று கேலி பண்ணினாராம்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கு விடியற்காலை, பிரேமலா சம்பல் கிளறிக்கொண்டிருந்தபோது கடிகாரத்தில் மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது. கெமாஸ் கினி செய்யவா? மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று மூன்று நாளாக அது நச்சரித்துக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்க்கலாம் என்று கையைத் திருப்பினால் இந்தக் கேள்விதான் குறுக்கே வந்து நிற்கும். ஒழிந்து போ என்று சரி பொத்தானை அமுக்கிச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் கடிகாரம் புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. எழுத்து பெரிதாகியிருந்தது, கண்ணாடி போடாமலே தெரிந்தது. ஆறு புள்ளி எட்டு. நல்லதாப் போச்சு என்று கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு யோங் பெங்கில் அட்டைப்பெட்டி செய்யும் ஃபேக்டரியில் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் பக்கத்து அலமாரியில், ஆளுக்கொரு பொந்தில் வைத்துவிட வேண்டும். கடிகாரத்துக்குத் தடை இல்லை, அந்தத் தூரத்தில் போன் இருந்தாலும் அதற்குத் தகவல் எட்டும். கையில்தான் அடிக்கிறதே என்று பிரேமலா போனைச் சத்தமில்லாமல் போட்டுவைப்பாள். பெட்டி மடிக்கும் எந்திரம் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கையில் விழும் அதிர்வுதான் நம்பிக்கை.

அன்றைக்கு அது ஒரு தடவைகூட அதிரவில்லை. முருகா, அவரை நல்லபடியாக வைத்திருக்கிறாய் என்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டே நன்றி சொன்னாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கூட வேலை செய்யும் வலேரி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேண்டீனில் கோழி முடியப்போகுது, உங்களுக்கும் சேர்த்து எடுக்கட்டுமா என்று இரண்டு தடவை மெசேஜ் போட்டாளாம், அக்கா கண்டுகொள்ளவே இல்லையாம். வலேரி கையிலும் அதே மாதிரி ஒரு கடிகாரம் இருந்தது. எந்திரத்துக்கு எண்ணெய் எடுக்க வெளியே போனபோது அனுப்பினேன் என்றாள்.

பிரேமலா கையைத் திருப்பிப் பார்த்தாள். வலேரியின் மெசேஜ் இல்லை. யாருடைய மெசேஜும் இல்லை. ஆறு புள்ளி எட்டு மட்டும் இருந்தது.

மனுஷன் சீனி ஐந்து மணி நேரமாக ஒரு புள்ளிகூட ஏறாமல் இறங்காமல் இருக்குமா? அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. நேரே அலமாரிக்குப் போனாள்.

போனில் சிவப்பாக மூன்று வரி இருந்தது. பத்து பன்னிரண்டுக்கு மூன்று புள்ளி எட்டு. பத்து இருபத்தேழுக்கு மூன்று புள்ளி நாலு. பத்து நாற்பத்தொன்றுக்கு மூன்று. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், தகவல் வரவில்லை. இப்போது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு.

கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மலாயில் பதமாகச் சொன்னாள். மறுபடி கூப்பிட்டாள். அதே பெண், அதே பதம்.

அடுத்துக் கோயிலுக்கு அடித்தாள், அய்யாவு அண்ணன் எடுத்தார். பத்து மணிக்கே கோயிலின் வெள்ளை வேனை எடுத்துக்கொண்டு தோரணத்துக்குக் குருத்தோலை வெட்டப் போனவர் இன்னும் வரவில்லையாம். அப்படியே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார் என்று இவர்கள் இருந்துவிட்டார்களாம். எங்கே வெட்டப் போனார் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. ஆட்களை அனுப்புகிறேன் தங்கச்சி என்றவர் குரலே மாறிவிட்டது.

பிரேமலாவுக்குத் தெரியும், அந்த இடத்தை அவரிடம் சொன்னாள். போன வருஷமும் அங்கேதான் வெட்டினார். பாலோவுக்குப் போகும் வழியில், செம்பனைக் காட்டுக்குள் தோட்டத் தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த, இப்போது ஆளில்லாத பழைய லயத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தென்னை நிற்கிறது. அங்கே போன் லைன் கிடைக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள், சொன்னாளா இல்லையா, அவளுக்கே நினைவில்லை. காரை எடுத்துவிட்டாள்.

பாதி வழியில் கவின் கூப்பிட்டான். அய்யாவு அண்ணன் சொல்லியிருக்கிறார். அவன் கேட்ட முதல் கேள்வி, அம்மா, கடிகாரத்தப் புதுப்பிச்சீங்களா என்பது. ஆமா என்றாள். அவன் சொன்னான், புது மென்பொருளுக்கு அந்தப் பழைய போன் ஒத்துப்போகாது, கடிகாரம் போனோடு பேசுவதையே நிறுத்திவிட்டது, கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறது. சொல்லச் சொல்ல அவன் அழ ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டாள்.

அப்படியென்றால் காலையிலிருந்து தான் பார்த்ததெல்லாம் விடியற்காலைச் சதாசிவத்தை. பத்து மணிச் சதாசிவத்தை யாருமே பார்க்கவில்லை. முன்னால் ஒரு குலை லோரி நத்தை மாதிரி ஊர்ந்தது. முந்த முடியாத வளைவு. எதிரே வந்த வெள்ளை வேன் ஒவ்வொன்றும் அவர் வேனாக இருந்து, கிட்டே வந்ததும் வேறு யாருடையதோ ஆனது. முருகா, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று சண்டை போட்டாள். அடுத்த நிமிஷம் நானே காவடி எடுக்கிறேன் என்று கெஞ்சினாள். நடுநடுவே கை தன்னால் திரும்பியது. ஆறு புள்ளி எட்டு. கடிகாரத்தைக் கழற்றி எறியக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. எறிந்தால் அந்த எண்ணும் போய்விடும் போல இருந்தது.

செம்மண் பாதையில் திரும்பியதும் வேன் தெரிந்தது. பாதையை விட்டு இறங்கி, ஒரு செம்பனை மரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் குருத்தோலை எதுவும் இல்லை. மனுஷன் தென்னை வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை.

கதவைத் திறந்து எஞ்சினை அணைத்தாள். மஞ்சள் வேட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் பாதி திறந்து கிடந்தது. அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. என்னங்க என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. உயிர் இருக்கிறது. வலது கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார், விரலைப் பிரிக்க முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி இருந்தது. அபிஷேகத்துக்குக் காலையில் குளுவாங் கடையிலிருந்து எடுத்துவந்த சாமான். பன்னீர், விபூதி, ஆறு தேன் போத்தல். ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை. சாமிக்குப் போக வேண்டியது என்று ஒரு கணம் கை தயங்கத்தான் செய்தது. முதலில் இவருக்கு, அப்புறம் உனக்கு என்று முருகனிடமே சொல்லிவிட்டு ஒரு போத்தலைப் பல்லால் கடித்துத் திறந்தாள். விரலில் தேனை எடுத்துக் கன்னத்தின் உட்புறம், ஈறு, உதடு என்று தேய்த்தாள். அவர் விரலைக் கடித்தார். கடித்தால் கடி. மறுபடி தேய்த்தாள். மறுபடி. அவள் போனிலும் லைன் இல்லை. விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிப்போய் ஆளைக் கூப்பிடலாமா என்று தோன்றியது, விட்டுப் போக முடியவில்லை. காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. சத்தம் இல்லாமல் இருப்பது நல்லதுக்கு என்று காலையெல்லாம் நம்பியவள் இப்போது அவர் முனகலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் போனதோ. போத்தல் கால்வாசி குறைந்தபோது அவர் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் நகர்ந்து அவள் முகத்தில் வந்து நின்றது. தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, அய்யாவு அண்ணன் ஆட்களாகத்தான் இருக்கும். பிரேமலா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். தேன் பக்கத்திலேயே இருந்ததே, கை நடுங்கும்போதே ஒரு வாய் குடித்திருக்கக் கூடாதா, சாமி கோவிச்சுக்கும் என்று உயிரை விடப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அவர் தேன் ஒட்டிய உதட்டை நாலைந்து தடவை நனைத்துக்கொண்டார்.

"கை நடுங்குச்சு பிரேமா. வேர்த்து ஊத்துச்சு. சீனிதான் எறங்குதோன்னு தோணுச்சு, போத்தலக்கூட கையில எடுத்தேன். சரி, சீனின்னா நீ கூப்பிடுவியேன்னு போன கையிலயே வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ கூப்பிடல. அப்ப இது சீனி இல்ல, முருகன்தான் மேல வர்றான்னு நெனச்சு, போத்தலத் திரும்ப வச்சிட்டேன்."

பிரேமலா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தப் போனை எடுத்தாள். தேன் பிசுபிசுத்த மணிக்கட்டில் கடிகாரம் ஆறு புள்ளி எட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.