ஷீலாவைத் தேடிய குழாய்

தர்ஷினியின் பன்னிரண்டாம் வகுப்பு, அந்த ஊர் வழக்கில் இரண்டாம் பியூசி, ரிசல்ட் வந்த வாரம், ஆஸ்டின் டவுனில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சமையலறைக் குழாய் பேச ஆரம்பித்தது. அந்தப் பக்கம் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும். வருவதற்கு முன் குழாய் கொஞ்ச நேரம் வெறுங்காற்றை ஊதித் தள்ளும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இந்த வீட்டில் மட்டும் அந்தக் காற்றோடு ஒரு பெண்ணின் குரலும் வந்தது. தாழ்ந்த, அவசரமான குரல். என்ன மொழி என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது: ஷீலா, ஷீலா. பிறகு தண்ணீர் வந்துவிடும், குரல் அதில் கரைந்துவிடும். அதே வாரம் தக்காளி விலையும் ஏறியதால் தெருவில் இரண்டையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

முதலில் கேட்டவள் தர்ஷினியின் அம்மா யசோதா. இட்லித் தட்டைக் கழுவ எடுத்தவள் அதைத் தொட்டியில் நழுவவிட்டாள். தட்டு விழுந்த சத்தத்தில் குழாய்க்குள் இருந்த குரல் சட்டென்று அடங்கி, உற்றுக் கேட்டது. பேசியதைவிட அது உற்றுக் கேட்டதுதான் யசோதாவை அதிகம் பயமுறுத்தியது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த ஊரில் அவள் பயமில்லாமல் நின்ற இடம் அந்தச் சமையலறை ஒன்றுதான். அன்றோடு அதுவும் போயிற்று. வீட்டுக்காரர் பெர்னார்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து, குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “யசோதாம்மா, எங்கப்பா காலத்துலருந்து இந்த வூட்ல ஷீலான்னு ஒருத்தரும் இருந்ததில்ல. சத்தியமா சொல்றேன்” என்றார். சொன்ன கையோடு, அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எப்படிச் செத்திருப்பாள் என்று தெரு முழுக்க விசாரிக்கவும் போனார். வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் ஷீலாவின் ஆன்ம சாந்திக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார். யசோதா தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவித் தொட்டியின் இரு பக்கமும் வைத்தாள். பிளம்பர் வந்து எவர்சில்வர் குழாயைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் குழாய் மாட்டினான். குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

அப்பா பச்சைமுத்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவருடைய பயம் வேறு. வெளிநாட்டு மொழியும் சர்வதேச உறவுகளும் படிக்கப்போகிறேன் என்று மகள் சொன்னதே அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஜெர்மன் படிக்கட்டும், இந்த ஊரிலேயே படிக்கட்டும் என்று இருந்தார். அவர் மேய்க்கிற இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவை பழுதானால் வந்து பார்க்கிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்கள்தான். தர்ஷினிக்கும் எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் தெளிவு இல்லை. விளம்பரப் படங்களில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி சிரித்தார்கள். தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டால் ஆயுசு முழுக்கத் தப்பான மொழியில் பேசிக்கொண்டிருக்க வேண்டிவருமோ என்று அவள் பயந்தாள். குழாய்ப் பேச்சைப் போனில் பதிவு செய்து பார்த்தாள். காற்றின் இரைச்சல்தான் பதிந்தது. ஆகவே குழாயருகே நின்று, அந்தக் குரல் சொன்னதைத் தன் வாயால் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினாள். “வாணாம்டி, உன் வாய்க்குள்ள பூந்துக்கப் போவுது” என்று யசோதா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ஒரு வாரத்தில் தர்ஷினி அதை மூச்சுத் திணறல் உட்பட அச்சாகப் பேசினாள்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஜூன் மாதம் சேர்க்கை விழா நடத்தியது. மொழிக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு கொடி. ஜெர்மன் மேசையில் பச்சைமுத்துவை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். தர்ஷினி நழுவி மற்ற மேசைகளுக்குப் போய், ஒவ்வொன்றிலும் குழாய்ப் பேச்சைப் பேசிக்காட்டி, இது உங்கள் மொழியா என்று கேட்டாள். ஜப்பானிய மேசையில் மரியாதையாக இல்லை என்றார்கள். ரஷ்ய மேசையில் சிரித்தார்கள். கொரிய மேசையில் இருந்த இளம் ஆசிரியை மட்டும் எழுந்து நின்றாள்.

“இத உங்ககிட்ட யாரு சொன்னா?” என்று தமிழில் கேட்டாள். மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில், பர்மாவிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள் அவள்.

“எங்க வீட்டுக் கொழாய்” என்றாள் தர்ஷினி.

ஆசிரியை அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. “இது பர்மீஸ்மா. சின்ன வயசுல நாங்க தெருவுல பேசிட்டிருந்தது. ஷீலான்னா ஆள் பேரு இல்ல. ஷி லா. இருக்கீங்களான்னு அர்த்தம். யாராவது இருக்கீங்களா, பாத்திரம் விழுற சத்தம் கேக்குது, அங்க யாருன்னு கேக்கறாங்க. நடுவுல கொழந்தைகிட்ட, அழாத, விமானம் இன்னும் போகலைன்னு சொல்றாங்க.”

“பதில் சொல்லணும்னா?”

“ஷிதே. இருக்கோம்னு அர்த்தம்.”

அடுத்த தண்ணீர் நாளன்று மூன்று பேரும் குழாய் முன்னால் நின்றார்கள். காற்று வந்தது, குரலும் வந்தது. பழகி வைத்திருந்த தர்ஷினிக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. யசோதாதான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து, குழாயின் வாய்க்குள் “ஷிதே” என்றாள். எதிர்ப்பக்கம் அழுகை வெடித்தது. அழுகையோடு மடை திறந்தாற்போல் பேச்சு, அதற்குள் ஒரு சின்னப் பையனின் இருமல். அதற்கும் பின்னால் ஏதோ உறுமிக்கொண்டு நெருங்கியது. பித்தளைக் குழாய் அதிர்ந்தது, அடுக்கில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பச்சைமுத்து மனைவியையும் மகளையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நீளப் பேச்சைத் தர்ஷினியால் மனதில் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. போனில் கேட்டபோது கொரிய மேசை ஆசிரியை, தன் பல்கலைக்கழகத்தில் பர்மீஸ் கிடையாது, பிரம்மபுத்திரா கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளோடு சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள் என்றாள். பச்சைமுத்து ஒரே பிடியாக முடியாது என்றார்.

“மூணு நாள் ரயிலும்மா அது. அந்தப் பக்கம் எப்பப் பாத்தாலும் கலாட்டான்னு நியூஸ்ல காட்றான். ஜெர்மன் சீட் கையில இருக்கு.”

“ஜெர்மன்ல நம்மள யாரும் கூப்பிடலியேப்பா” என்றாள் தர்ஷினி. அவளுக்குப் போகப் பயமாக இருந்தது. போகாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

யசோதா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கு மட்டும் பயமில்லியா? ஆனா நாந்தான வாயத் தொறந்து இருக்கோம்னு சொன்னேன். சொல்லிட்டு இப்ப காத அடைச்சுக்கினு சோறாக்க என்னால முடியாதுங்க.”

பச்சைமுத்து ஷிப்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்துச் சவரத்தின் நடுவே தண்ணீர் பிடிக்கப் போனவர், முகத்தில் நுரையோடு வெகுநேரம் குழாய் முன்னாலேயே நின்றார். உள்ளே அந்தப் பையன் இருமிக்கொண்டிருந்தான், நெஞ்சைக் கிழிக்கிற இருமல். அன்று மதியம் தொழிற்சாலையிலிருந்தே பிரம்மபுத்திரா கரைக்குப் போகிற ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டார். போகிற வழியெல்லாம் ஜன்னலோரத்தில் மகளை உட்காரவிடாமல் தானே உட்கார்ந்து வந்தார். மகளை விடுதி வாசலில் விட்டுத் திரும்பினார்.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். தண்ணீர் நாட்களில் யசோதா போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, குழாய் சொன்னதை ஒரு சொல்கூட அர்த்தம் புரியாமல் துண்டு துண்டாகத் தன் வாயால் மகளுக்குச் சொல்வாள். மகள் அகராதியைப் புரட்டி, வகுப்பில் கேட்டு, திணறித் திணறி அர்த்தம் சொல்லி, பதிலையும் சொல்லித்தருவாள். யசோதா அதை அடுத்த தண்ணீர் நாளில் குழாய்க்குச் சொல்வாள். இப்படித்தான் தெரிந்தது: பர்மாவில் விமானம் வந்து குண்டு போடும்போதெல்லாம் அந்தப் பெண் மகனோடு ஒரு பள்ளிக்கூடத்தின் வற்றிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறாள். தொட்டியின் குழாய் வழியாக யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வருகிறது. எங்கேயோ ஒரு வீட்டில் காலைச் சாப்பாடு தயாராகிறது என்று பையனைச் சமாதானப்படுத்துகிறாள். இதைக் கேட்ட நாளிலிருந்து யசோதா அந்த நேரத்தில், கழுவின பாத்திரத்தையும் எடுத்துத் திரும்பக் கழுவினாள். பெர்னார்ட் மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்தவில்லை. ஆன்ம சாந்தி என்பதை மட்டும் உடல் நலம் என்று மாற்றிக்கொண்டார்.

இரண்டாம் வருடத்து மழைக்காலத்தில் குரல் நின்றுபோனது. காற்று வந்தது, தண்ணீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. யசோதா ஒவ்வொரு தடவையும் குனிந்து “ஷிதே” என்று சொல்லிப் பார்த்தாள். சாப்பாடு இறங்காமல் இளைத்தாள். எல்லை தாண்டி வந்தவர்களிடம் தர்ஷினி விடுமுறையெல்லாம் விசாரித்து அலைந்தாள், யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தொட்டியில் மழைநீர் நிரம்பியிருக்கும் என்று அம்மாவும் மகளும் தனித்தனியே நினைத்தார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, காற்றோடு பையனின் குரல் வந்தது. இருமல் இல்லை. யசோதா உடனே மகளுக்குப் போன் போட்டாள். காட்டு வழியே வெகுதூரம் நடந்து வந்து, இப்போது வேறு ஊரில் ஓர் ஓலைக் கொட்டகையில் இருக்கிறார்களாம். அங்கேயும் ஒரு குழாய் இருக்கிறதாம். அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாளாம்.

“இன்னும் என்னமோ கேக்கறான்டி” என்று யசோதா அதையும் சொன்னாள்.

“இன்னிக்கு உங்க வீட்ல என்ன சமையல்னு கேக்கறான்மா.”

“உப்புமாவுக்கு அவங்க பாஷைல என்னாடி?”

“அதுக்கு வார்த்தையே கெடையாதும்மா.”

யசோதா குழாயருகே குனிந்து “உப்புமா” என்றாள். பையன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவன் அம்மா அவனைத் திருத்தி, அதைவிடத் தப்பாகச் சொன்னாள். அப்புறம் தண்ணீர் வந்தது. யசோதா இரண்டு குடமும் டிரம்மும் பிடித்து வைத்துவிட்டு, ரவையை எடுத்து வறுக்கப் போட்டாள்.