வெள்ளிக்கிழமை ஈயம்

பிளாஸ்மா முறை இரசாயனப் பகுப்பாய்வு பற்றிய அந்த மாநாட்டில் பகல் பன்னிரண்டு மணிக்குள் நான்கு ஆய்வுரைகளும் பதினொரு பொன்னாடைகளும் நடந்து முடிந்திருந்தன. ஆய்வுரைக்குப் பத்து நிமிடம் என்று மணியடித்தார்கள். பொன்னாடைக்கு மணி இல்லை. மருதமுனைத் தறிச் சாயம் மணக்க மணக்க ஒருவர் தோளில் போட்டதை அவர் இன்னொருவர் தோளில் போட, கடைசி வரிசையில் இருந்த பஹ்மிதா எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாநாட்டைத் தன் மண்டபத்திலேயே நடத்திய கல்முனைத் தனியார் ஆய்வு நிலையத்துக்கு பிளாஸ்மா இயந்திரம் வந்து இரண்டு வருடம். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுடர் ஒன்றை ஆகன் வாயுவில் மூட்டி, அதற்குள் ஒரு துளி தண்ணீரைத் தெளித்தால், அதில் எந்த உலோகம் எவ்வளவு கிடக்கிறது என்று அது சொல்லிவிடும். அதை மூட்டத் தெரிந்த ஒரே ஆள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பஹ்மிதா. பணிப்பாளர் கலாநிதி அபுல் ஹஸனுக்கு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தெரியும். சுடர் தெரிய எந்தப் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதில் மனிதர் உண்மையிலேயே நிபுணர்.

மாநாட்டின் கடைசி அமர்வு அவருடையது: முதலில் இயந்திர அறையில் எல்லோர் முன்னாலும் அளந்து காட்டல், பிறகு உரை. கடற்கரைக் கொலனியின் ஏழு கிணறுகளிலும் அளவுக்கு மிஞ்சிய ஈயம் கிடக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. உரை முடிந்ததும் பிரதேச அதிகாரி கிணறுகளை மூடும் கட்டளையில் கையெழுத்து வைப்பார். மேடைக்குப் பின்னால் ஏழு பலகைகள், கம்பு அடித்து, சிவப்பு எழுத்தில் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதித் தயாராகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

அந்தக் கொலனியில்தான் பஹ்மிதாவின் மூத்த சகோதரி, றாத்தா றுஸ்தா இருக்கிறாள். புருசன் மௌத்தாகி விதவையான பிறகு இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறாள். கதை எப்படியோ வெளியே கசிந்து, இரண்டு கிழமையாக அவளிடம் வாங்குகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். பலகையும் ஏறினால் மிச்சப் பாதியும் போய்விடும்.

"நீதானே புள்ள அந்த மெசினப் பாக்கிற. எங்கட தண்ணியில ஈயம் இரிக்கெண்டு நீயா செல்லிக் குடுத்த?" என்று கேட்டிருந்தாள் றுஸ்தா.

"மெசின் செல்லிச்சி றாத்தா. மெசினுக்கு அத ஆரு செல்லிக் குடுத்தண்டுதான் தேடிட்டு இரிக்கன்."

தேடியது வீண் போகவில்லை. பதிவுப் புத்தகத்தைப் புரட்டினால், ஈயம் காட்டிய அத்தனை போத்தலும் வெள்ளிக்கிழமை திறந்தவை. மற்ற நாட்களில் அவள் திறந்த ஊர்க் கிணற்றுப் போத்தல்கள் எல்லாம் சுத்தம். கொலனிப் போத்தல்களைப் பணிப்பாளர்தான் ஜும்ஆத் தொழுகை முடித்து வந்து, இறையருளோடு பறக்கத்தாக இருக்கட்டும் என்று தன் கையாலேயே திறப்பார். அதுகூடப் பரவாயில்லை. திறப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து கண்ணுக்குத் தீட்டும் சுறுமாச் சிமிழை எடுப்பார். படத்தில் கண் எடுப்பாகத் தெரிய வேண்டுமே. பெருவிரல் நுனியால் கண்ணோரத்தில் தீற்றிக்கொண்டு, கையுறை போடாமல் போத்தலில் அமிலத்தை விட்டு, வாயைப் பெருவிரலால் பொத்திக் கவிழ்த்துக் குலுக்குவார். முதலாம் வருட மாணவன் செய்தால் ஆய்வுகூடத்தை விட்டே துரத்துவார்கள்.

சுறுமாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய வாப்பாவும் போடுகிறவர்தான். ஆனால் பணிப்பாளர் வைத்திருந்த கறுப்புச் சுறுமா ஈயக் கல்லை அரைத்துச் செய்தது. அந்தப் பெருவிரலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு போதும், ஒரு கொலனியைக் குடியெழுப்ப.

கொலனிக்குத் தானே போய்த் தண்ணீர் அள்ளி, செவ்வாய்க்கிழமை தானே திறந்து அளந்தாள். ஈயம் இல்லை. கொண்டுபோய்க் காட்டினாள். பணிப்பாளர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்டைக்கு மெசின் சரியா வேல செஞ்சிருக்காது. ஆய்வுச் சுருக்கம் அச்சடிச்சாச்சு மிஸ். நீங்க மெசினப் பாருங்க, விஞ்ஞானத்த நான் பாக்கிறன்."

அச்சடித்தாகிவிட்டதாம். அச்சுக்கூடத்தில் தீர்ந்த விஞ்ஞானம்.

மாநாட்டு நாளும் வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆவுக்கு ஆண்கள் எழும்பிப் போனபோது மண்டபத்தில் சில பெண்களும் அமர்வுத் தலைவர் செபரட்ணமும்தான் மிஞ்சினார்கள். அவர் ஓய்வுபெற்ற இரசாயனப் பேராசிரியர், கல்முனை மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர். காலையிலிருந்து ஒரு பொன்னாடையையும் தோளில் ஏற விடாத ஒரே மனிதரும் அவர்தான். பஹ்மிதா பதிவுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, சுறுமா விரலைப் பற்றியும் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நான் சொன்னா பொறாமையெண்டுவினம். நீங்க சொன்னா வேலை போயிடும்," என்றார். "மெசின் சொல்லட்டும். நீங்க நிரப்புங்க, நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

இரண்டு மாதிரிப் போத்தல்களை அவள் நிரப்பினாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சஹன் தட்டில் கூடியிருந்து புரியாணி தின்ற களைப்போடு கூட்டம் இயந்திர அறைக்குள் வந்து நெருக்கியடித்தது. பணிப்பாளர் கண்ணுக்குப் புதிதாகச் சுறுமா தீற்றியிருந்தார். புகைப்படக்காரர் பர்ஸான் கமராவைத் தூக்கினார்.

"உரை பிறகு. முதல்ல ஒங்கட கண் முன்னாலயே காட்டுறன்," என்று பணிப்பாளர் கையை நீட்ட, பஹ்மிதா ஏழு என்று எழுதிய போத்தலைக் கொடுத்தாள். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தார், அமிலம் விட்டார், பெருவிரலால் பொத்திக் கவிழ்த்தார். கமரா மூன்று தரம் மின்னியது. அவள் குழாயைப் போத்தலுக்குள் இறக்கினாள். இது பிசகினால் றாத்தாவின் முகத்தில் விழிக்க முடியாது.

திரையில் எண் விழுந்தது. ஈயம், லீற்றருக்கு முப்பத்தொரு மைக்ரோகிராம். குடிநீருக்குப் பத்துத்தான் எல்லை.

"பாத்தீங்களா சேர்," என்று அதிகாரியின் பக்கம் திரும்பினார் பணிப்பாளர். முகம் பெருநாள் முகமாக இருந்தது. "மூணு மடங்கு. இந்த நஞ்சத்தான் அந்தச் சனம் குடிக்கிது."

"சேர்," என்றாள் பஹ்மிதா. "அது கொலனித் தண்ணி இல்ல. இண்டைக்கு மேடையில வெச்ச போத்தல் தண்ணி. அதே பெட்டியில எடுத்த போத்தல்தான் அதிகாரி சேர்ர கையிலயும் இரிக்கி."

அதிகாரி வாயருகே கொண்டுபோன போத்தலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"உண்மை. சீல் உடைச்சு நிரப்பினத நான் பாத்தனான்," என்றார் செபரட்ணம்.

பஹ்மிதா கையுறை போட்டுக்கொண்டு இரண்டாவது போத்தலைத் திறந்தாள். "இதுதான் கொலனியிர ஏழாம் கிணறு." அதே அமிலத்தை விட்டுக் குழாயை இறக்கினாள்; திரையில் பூச்சியத்தை ஒட்டிய எண் விழுந்தது.

பணிப்பாளருக்கு வியர்த்தது. "இது தொழில்நுட்ப உத்தியோகத்தரிட கவலயீனம், மெசின சரியா..." என்று இழுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பெருவிரல் கறுப்பாக வந்தது. அறையில் எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"மெசின்ல ஒரு பிழையுமில்லை கலாநிதி," என்றார் செபரட்ணம். "உங்கட கண்ணில கிடந்த ஈயத்த அது வடிவாப் பிடிச்சிருக்கு."

அதிகாரி கட்டளைத் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்து வைக்காமலே வாகனத்தில் ஏறினார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் பணிப்பாளரும் வீட்டுக்குப் போயிருப்பார். கால் மணித்தியாலத்தில் மேடையேறி, மாதிரிகள் மாசடைவதைப் பற்றித் தமது நிலையம் இன்று ஒரு முக்கிய அவதானிப்பைச் செய்திருப்பதாகவும், வருகிற வருட மாநாடு அதைப் பற்றியே இருக்கும் என்றும் அறிவித்தார். கை தட்டினார்கள். பன்னிரண்டாவது பொன்னாடையும் ஏறியது. தூ என்று வந்தது பஹ்மிதாவுக்கு.

அவள் மேடைக்குப் பின்னால் போய், ஒரு சுத்தியலைத் தேடி எடுத்து, ஏழு பலகைகளையும் கம்பிலிருந்து தட்டிக் கழற்றினாள். பிறகு றாத்தாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

"றாத்தா, நாளைக்கு இடியப்பத்துக்கு மா குழைங்க. ஒங்கட கிணத்துத் தண்ணியிலயே குழைங்க. அடுப்புக்கு நான் விறகு கொண்டு வாறன், ஏழு கம்பு இரிக்கி."

"பலக ஒண்டும் இல்லயா புள்ள? பலகதான் நல்லா எரியும்."

"பலக வேணாம்," என்றாள் பஹ்மிதா. "அந்தப் பெயின்ற்ல என்ன கிடக்கெண்டு நான் இன்னும் அளந்து பாக்கல்ல."