மேயர் சொன்ன பெயர்

கொலம்பஸ் நாள் என்று இருந்த அந்த அக்டோபர் விடுமுறை, இந்த ஆண்டு முதல் பூர்வகுடிகள் நாள் ஆனது. அதற்காக நகராட்சிக்கு நடையாய் நடந்தவன் வெர்னாவின் தம்பி. தீர்மானம் நிறைவேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அவர்களுடைய நவஹோ பழங்குடியில் இறந்தவர்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. அடக்கம் செய்த நாளிலிருந்து வெர்னாவும் சொல்லவில்லை, அவள் காதிலும் அது விழவில்லை.

விழா மேடையில் வெள்ளைக்கார மேயர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. தம்பியின் முழுப் பெயரையும் கணீரென்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

"விவஸ்த கெட்ட மனுசன். நீ எந்திரிச்சு வாக்கா, போயிரலாம்," என்று பல்லைக் கடித்தாள் சித்தி மகள் ரமோனா.

வெர்னா கண்ணை மூடியபடி உட்கார்ந்தே இருந்தாள்.

விழா முடிந்ததும் ரமோனா வண்டியை எடுக்கப் போனாள். மேயர் முகம் சிவக்க ஓடிவந்தார். "இப்பத்தாம்மா சொன்னாங்க. பெரிய தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

"தப்புத்தான். எங்காளு எவனாச்சும் சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். வெர்னா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த வருசமும் நீங்கதானே பேசுவீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப, இதை உங்ககிட்ட யாரும் சொல்லலன்னே வெச்சுக்குங்க."