மடுக்காட்டில் பாலைப்பழம்

உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேலாகப் பெற்றிசியா தன் புருஷனோடு பேசவில்லை. மகள் மாக்கிறட்டுக்கு வங்காலையில் மாப்பிள்ளை பார்த்து, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாக்கும் கொடுத்துவிட்டு வந்து நின்றான் எமிலியானுஸ். "பெத்தவள் எண்டு நான் ஒருத்தி இருக்கிறன்" என்றதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவனுடைய பிடிவாதம் பேசாலை ஊர் முழுக்கத் தெரிந்தது. சோறு வேண்டுமென்றாலும் மகளைத்தான் தூதுவிட்டான்.

அந்த அறுபத்துமூன்றாம் ஆண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் இருவரும் மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்கு வந்தார்கள். லொறியில் வந்து, காட்டோரமாகக் தென்னோலைக் கிடுகால் கொட்டில் போட்டு ஒன்பது நாள் தங்குவது வழக்கம். கடற்கரைச் சனத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை எமிலியானுஸ் விறகுக்குப் போனான். கொஞ்சம் பொறுத்துப் பெற்றிசியாவும் பாலைப்பழம் பொறுக்க ஓலைப்பெட்டியோடு காட்டுக்குள் இறங்கினாள். காடு சத்தமில்லாமல் கிடந்தது. கடலிரைச்சலிலேயே வளர்ந்தவளுக்கு அது பிடித்திருந்தது. மாதாவின் காட்டில் எதுவும் தீண்டாது என்ற நம்பிக்கையில் தைரியமாக நடந்தாள்.

ஒரு பெரிய பாலையின் அடிக்கு வந்தபோது மேலே கொப்பு முறியும் சத்தம். மஞ்சள் பழங்களோடு ஒரு கிளை காலடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. கலியாணம் முடித்த வருஷம் எமிலியானுஸ் இப்படித்தான் மரமேறி அவளுக்குப் பழம் முறித்துப் போட்டான். அவளுக்கு மனம் இளகிவிட்டது. வாயால் சமாதானம் கேட்க முடியாத மனிசன், பழத்தைப் போட்டுக் கேட்கிறான்!

"இஞ்சேருங்கோ, காணும், இவ்வளவு பழம் போதும், இறங்குங்கோ" என்றாள், குனிந்து பொறுக்கியபடியே.

மேலே ஓர் உறுமல். இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தாள்.

"சரி, சரி. வங்காலைப் பெடியனே இருக்கட்டும். நான் மறிக்கேல்லை. இறங்கி வாங்கோவன்."

இறங்கியது. பின்பக்கமாக, மரப்பட்டை சரசரவென்று உதிர. முதலில் நீண்ட நகங்கள் தெரிந்தன. பிறகு கறுத்த சடைமயிர். பழம் அப்பிய மூஞ்சியோடு ஒரு கரடி, கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவளைப் பார்த்தது.

பெற்றிசியாவுக்குக் கால் அசையவில்லை. "மாதாவே" என்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது.

"பெற்றிசியா, அசையாத!"

எமிலியானுஸ் பின்னாலிருந்து, விறகுக் கட்டையால் மரங்களில் ஓங்கி அடித்துக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். கரடி திடுக்கிட்டுத் திரும்பிப் பற்றைக்குள் பாய்ந்தது.

அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"கடிச்சதே? கீறினதே? சொல்லன்!"

அவள் வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை.

"இப்பவும் என்னோட கதைக்கமாட்டியே?" அவன் குரல் உடைந்தது. "என்ர பிழைதான். உன்னைக் கேக்காமல் வாக்குக் குடுத்தது என்ர பிழை. நாளைக்கே வங்காலைக்குப் போய், சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன். ஒரு சொல்லுக் கதை, பெற்றிசியா!"

ஐயோ, போகவேண்டாம், நான் அப்போதே சம்மதித்தாயிற்று என்று சொல்ல அவள் துடித்தாள். நாக்கு எழும்பவேயில்லை. தலையை மட்டும் இல்லை, இல்லை என்று வேகமாக ஆட்டினாள்.

எமிலியானுஸ் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் முழங்காலில் இருந்தான்.

"அதுவும் காணாதே?" என்றான், அழுதபடி.